மூக்கு வைத்த ஒன்று

எனக்குக் கல்யாணம் பேசியபோது தரகர் மாப்பிள்ளை வீட்டில் "பொண்ணு கெமிஸ்ட்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். மீதியை அவர்களே ஊகித்துக்கொண்டார்கள். நெல்லித்தோப்புக்கு நான் வாழவந்த முதல் வாரமே பக்கத்து வீட்டு அம்மா கதவைத் தட்டி, "கொழந்தைக்கு ரெண்டு நாளா காய்ச்சல், ஒரு மாத்திரை குடேன்" என்றார். நான் மருந்துக்கடைக்காரி இல்லை, பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன் என்று விளக்கினேன். பாலிமர் என்றால் என்ன, சின்னச் சின்ன மூலக்கூறுகள் எப்படிக் கைகோத்து நீளமான சங்கிலியாகின்றன என்பதையெல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, இருமலுக்காவது ஏதாச்சும் இருக்கா?" என்றார்.

என் மாமியாருக்கு இதில் பெரிய ஏமாற்றம். முட்டிவலித் தைலம் இனிமேல் வீட்டிலேயே கிடைக்கும் என்று நம்பியிருந்தார். என் கணவர் மட்டும் ஏமாறவில்லை. அவர் கதிர்காமம் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். மனிதர்களின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதே அவர் பிழைப்பு. பொருள்களின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பது என் பிழைப்பு. பெண் பார்க்க வந்த அன்றே இதைச் சொல்லி ஒருமுறை சிரித்தார். அதற்குப் பிறகு முப்பது வருஷமாக அதையே சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

நான் வேலைக்குச் சேர்ந்தது ஊருக்கு வெளியே இருந்த ஒரு நடுத்தரத் தொழிற்சாலை. வாளி, குடம், ஸ்டூல், நாற்காலி எல்லாம் அங்கே செய்தார்கள். முதலாளி அதற்கு முன் இரும்புக்கடை வைத்திருந்தவர். நேர்முகத்தேர்வில் என் சான்றிதழ்களை அவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. மேஜை டிராயரிலிருந்து ஒரு வெள்ளைத் துண்டை எடுத்து என் முன்னால் வைத்து, "இது இன்னா சரக்குன்னு சொல்லுங்கம்மா, பாப்போம்" என்றார்.

நான் தீப்பெட்டி கேட்டேன்.

ஒரு பிளாஸ்டிக்கின் ஊர் பேர் தெரிய வேண்டுமென்றால் அதன் ஓரத்தைக் கொளுத்தி அணைத்துவிட்டுப் புகையை மோந்து பார்த்தால் போதும். பாலித்தீன் அணைந்த மெழுகுவத்தி மாதிரி மணக்கும். நைலான் முடி கருகுவது போல நாறும். பி.வி.சி. மூக்கில் குத்தும். பாலிஸ்டைரீன் கரியை நூல் நூலாகப் பறக்கவிட்டு, கொஞ்சம் தித்திப்பாக வாசனை வீசும். அன்று நான் மோந்து பார்த்து, "மெழுகு வாசனை, கொஞ்சம் இனிப்பு. பாலிபுரோப்பிலீன் சார்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "திங்கக்கெழம வந்துடுங்க" என்றார். ஆறு வருஷம் ரசாயனம் படித்துவிட்டு மூக்கை வைத்து வேலை வாங்கினேன்.

அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்தது. எது கைக்குக் கிடைத்தாலும் ஓரத்தில் ஒரு நூல் பிரித்து அடுப்பில் காட்டிவிடுவேன். ஒருமுறை என் மாமியாரின் தங்கை, தூய பட்டு என்று சொல்லி அவருக்கு ஒரு புடவை கொண்டுவந்து கொடுத்தார். அவர் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போதே நான் முந்தானைக் குஞ்சத்தில் ஒரு நூலை எடுத்துச் சமையலறைக்குப் போய்விட்டேன். பட்டு என்றால் முடி கருகும் நாற்றம் வந்து, சாம்பல் பொடிப்பொடியாக உதிர வேண்டும். இதுவோ உருகி, ஒரு கறுப்பு மணியாக உருண்டது.

"பாலியஸ்டர்" என்று கூடத்துக்கு வந்து சொன்னேன். கேட்டதற்குப் பதில் சொல்வது போலத்தான் சொன்னேன். யாரும் கேட்கவில்லை என்பது பிறகுதான் உறைத்தது. சின்ன மாமியார் மூன்று மாதம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. பெரிய மாமியார் என்னோடு மூன்று நாள் பேசவில்லை. நாலாவது நாள், பீரோவிலிருந்து தன் கல்யாணப் புடவையை எடுத்துக்கொண்டு வந்து, குரலைத் தாழ்த்தி, "இதையும் பாத்துச் சொல்லு" என்றார். நல்லவேளை, அது பட்டுதான்.

தொழிற்சாலையில் என் வேலை பெரும்பாலும் சமையல்தான். இத்தனை கிலோ பிளாஸ்டிக் குருணை, இவ்வளவு நிறம், வெயிலில் வெளுத்துப் பொரியாமல் இருக்க இவ்வளவு மருந்து, கொஞ்சம் ஃபில்லர் என்று ஒரு சீட்டில் எழுதிக் கலவை போடுகிறவரிடம் கொடுப்பேன். ஃபில்லர் என்பது சுண்ணாம்புக்கல்லை மாவாக அரைத்தது, குருணையைவிட ரொம்ப மலிவு. அளவோடு போட்டால் நாற்காலி விறைப்பாக நிற்கும். அளவு மீறினால் பிஸ்கட் மாதிரி உடையும்.

பல வருஷம் எனக்குக் கலவை போட்டவர் பழைய பஞ்சாலைத் தொழிலாளி. மில்லை மூடிய பிறகு எங்களிடம் வந்தவர். நாற்காலிகளைச் சோதிப்பதும் அவர்தான். அதற்கு ஒரு கருவி வாங்கித் தருகிறேன் என்று முதலாளி சொல்லிக்கொண்டே இருந்தார், வாங்கியபாடில்லை. அதனால் தொண்ணூறு கிலோ எடையுள்ள அந்த அண்ணன் புது நாற்காலியில் ஏறி நின்று, மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டு, மூன்று குதி குதிப்பார். உடையவில்லை என்றால் நான் கையெழுத்துப் போடுவேன். அவர் வயதாகி வேலையை விட்டு நின்றதும் திண்டிவனம் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். ஒல்லியானவர், கருத்தானவர், சொன்னதைச் செய்கிறவர். வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் பங்குக் கோயில் திருவிழா வந்தது. கோயிலுக்கு நூறு நாற்காலி வேண்டும் என்று பங்குச்சாமியார் பூசையில் சொன்னார். நான் மறுநாளே முதலாளியிடம் போய் நின்றேன். அவர் எங்களைப் போல வேதக்காரர் இல்லை. ஆனாலும் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "சாமி காரியம், நூறும் நம்ம சார்பா இருக்கட்டும்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் பாட்டு ஒத்திகைக்கு ஓடிவிட்டேன். பாடகர் குழுவில் எனக்கு இரண்டாம் குரல். அந்த வாரம் முழுக்க ஒத்திகைதான். நாற்காலிகள் தயாராகி வண்டியில் ஏறும்போது யாரும் குதித்துப் பார்க்கவில்லை. நான் வாசலில் நின்றபடியே கையெழுத்துப் போட்டேன்.

கோயில் வளாகத்தில் இறக்கியபோது எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். என் மாமியார் ஒன்றைத் தூக்கிப் பார்த்து, "நல்ல கனமா இருக்கே. இப்பல்லாம் எங்க இந்த மாதிரி சரக்கு வருது? எங்க மருமவ செஞ்சது" என்று வரிசை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனார். எனக்கும் பெருமைதான். நாற்காலி ஏன் வழக்கத்தைவிடக் கனக்கிறது என்று அந்த இடத்திலேயே யோசித்திருக்க வேண்டிய ஒரே ஆள் நான். நான் யோசிக்கவில்லை.

கொடியேற்றத்தன்று மாலை, வெளியே பந்தலில் பூசை. சாமியார் பிரசங்கத்தில் பொறுமையைப் பற்றி நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தார். பின்வரிசையில் 'டப்' என்று ஒரு சத்தம். யாரோ பட்டாசு போட்டார்கள் என்று நினைத்தோம். திரும்பிப் பார்த்தால் ஒரு நாற்காலியைக் காணோம், அதில் இருந்தவர் தரையில் இருந்தார். கொஞ்ச நேரத்தில் இடதுபக்கம் இன்னொரு 'டப்'. இந்த முறை ஒரு சொல்தா; அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த தாத்தா. அவர் விழுந்த வேகத்திலேயே எழுந்து விறைப்பாக நின்றார், ஏதோ குண்டு வெடித்துவிட்டது போல. சாமியார் பேச்சை நிறுத்தவில்லை, ஆனால் வாக்கியங்களை வேகமாக முடிக்க ஆரம்பித்தார். மூன்று, நான்கு. ஜனங்கள் மெதுவாக எழுந்து நின்றுகொண்டார்கள். உட்கார்ந்திருந்தது என் மாமியார் மட்டும்தான்.

"எழுந்திரிங்க அத்தே" என்று பாடகர் குழுவிலிருந்து கையைக் காட்டினேன்.

"நான் ஏன் எழுந்திரிக்கணும்? இது எங்க மருமவ..." என்று அவர் பக்கத்தில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஐந்தாவது 'டப்'.

கதிர்காமத்துக்கு ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனோம். அன்று மாலைப் பணியில் இருந்தது என் கணவர். தன் அம்மாவின் இடுப்பைத் தானே படம் எடுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "எலும்பெல்லாம் நல்லா இருக்கு. நாற்காலியத்தான் யாராவது கொண்டுவந்திருக்கணும், அதுக்குத்தான் முறிவு" என்றார். 

நாற்காலியை நான் கொண்டுவந்துதான் இருந்தேன். உடைந்த கால் ஒன்று என் பையில் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் குளியலறையில் ஒரு வாளித் தண்ணீரில் அதைப் போட்டேன். பாலிபுரோப்பிலீன் தண்ணீரைவிட லேசானது. நான் எழுதும் அளவுக்கு ஃபில்லர் இருந்தாலும் மிதக்கத்தான் வேண்டும். அது கல் மாதிரி நேராக அடிக்குப் போய் உட்கார்ந்தது.

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. யார் செய்திருப்பார் என்று நான் ஒரு நொடிகூடச் சந்தேகப்படவில்லை. இனாம் நாற்காலி, எவன் கேட்கப்போகிறான் என்று முதலாளி சுண்ணாம்பைக் கொட்டச் சொல்லியிருக்கிறார். கோயில் காரியத்தில்! காலையில் தொழிற்சாலைக்குப் போனதும் நேராக அவர் அறைக்குள் நுழைந்தேன்.

"வாங்கம்மா, உக்காருங்க" என்றார்.

"எந்த நாற்காலியில சார்?" என்றேன்.

அதற்குப் பிறகு நான் பேசியது எல்லாம் இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது. குருணையில் சுண்ணாம்பு கலப்பது பாலில் தண்ணீர் கலப்பதைவிட மோசம் என்றேன். தண்ணீர் கலந்த பாலைக் குடித்து யாரும் இடுப்பில் அடிபட்டுக்கொள்வதில்லை என்றேன். முதலாளி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தார். பிறகு கலவைக்காரரைக் கூப்பிட்டு, "அந்தச் சீட்டு வச்சிருக்கியா?" என்று கேட்டார்.

அவர் எல்லாச் சீட்டையும் ஒரு கம்பியில் குத்தி வைத்திருந்தார். அதிலிருந்து உருவி மேஜையில் வைத்தார்.

"படி" என்றார் முதலாளி.

"குருணை எரநூறு கிலோ. ஃபில்லரு எழுவத்தஞ்சு."

"பதினஞ்சு" என்றேன் நான்.

"எழுவத்தஞ்சு மேடம்."

"அது ஒண்ணு!"

"இதுவா ஒண்ணு? இதுக்கு மூக்கு இருக்கே மேடம்."

குனிந்து பார்த்தேன். என் கையெழுத்துதான். எங்கள் பள்ளிக்கூடத்துச் சிஸ்டர்கள் பிரெஞ்சு முறையில் எண்கள் எழுதச் சொல்லிக்கொடுத்தவர்கள். ஒன்றுக்கு மேலே நீளமாக ஒரு மூக்கு வைக்க வேண்டும்; ஏழுக்கு நடுவில் ஒரு குறுக்குக்கோடு போட வேண்டும். எங்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான் எழுதினோம். பழைய பஞ்சாலை அண்ணனும் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட இந்த ஊர்க்காரர், அப்படியே படித்தார். அப்படி எழுதாத உலகம் ஒன்று ஊர் எல்லையில் கோட்டக்குப்பம் தாண்டினதும் ஆரம்பிக்கிறது என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

"ஏழுன்னா நான் நடுவுல கோடு போடுவேன்ல?" என்றேன், குரல் பாதி இறங்கி.

"நீங்க போடுவீங்க மேடம். ஊர் ஒலகத்துல யாரு போடுறா?" என்றார். பிறகு, என்னைப் பார்க்காமல், "எனக்கும் அதிகமாத்தான் தெரிஞ்சிது. ரெண்டு வாட்டி போன் போட்டேன். நீங்க எடுக்கல. மேடம் எழுதுனா சரியாத்தான் இருக்கும்னு போட்டுட்டேன்" என்றார்.

ஒத்திகையில் போனை அணைத்து வைத்திருந்தேன்.

கலவைக்காரர் வெளியே போனார். மன்னிப்புக் கேட்டேன். முதலாளி மெதுவாகச் சொன்னார்: "தப்பு யாருக்கும் வரும்மா. ஆனா பதினாலு வருசம் ஒண்ணா வேல பாத்துட்டு, என்னைத் திருடன்னு நெனைக்க உங்களுக்கு ஒரு ராத்திரி போதுமா இருந்துச்சே."   வேலையை விட்டுவிடுகிறேன் என்றேன். அவர் சீட்டைக் கையில் எடுத்து, தூரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ராஜினாமாவ எழுதித்தான குடுப்பீங்க? அத எவன் படிக்கிறது? போய் வேலயப் பாருங்க" என்றார்.

நான் போனது கோயிலுக்கு. சாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "இத பாவசங்கீர்த்தனமா கேக்கணுமா, சும்மா கேக்கணுமாம்மா?" என்றார். முதலாளியைப் பற்றித் தப்பாக நினைத்ததற்குப் பாவசங்கீர்த்தனம், நாற்காலிக்கு அறிவிப்பு என்று இரண்டாகப் பிரித்துக்கொண்டோம். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் மைக்கின் முன்னால் நின்றேன். யாரும் அந்த நாற்காலிகளில் உட்கார வேண்டாம், எல்லாவற்றையும் திருப்பி எடுத்துக்கொள்கிறோம், தப்பு தொழிற்சாலையுடையது இல்லை, நான் ஒன்று எழுதிய விதம் என்று சொன்னேன்.  ஏசுவார்கள் என்று எதிர்பார்த்தேன்.

முதலில் எழுந்தது விழுந்த சொல்தா தாத்தா. "பொண்ணு எழுதினதுல தப்பே இல்ல!" என்றார் பந்தல் அதிர. "ஒண்ணுன்னா அப்படித்தான் எழுதணும். படிக்கத் தெரியாதவன் தப்பு!"

"நீங்க அப்படி எழுதுங்க முசே, பேங்குல செக்கு திரும்பி வந்தா தெரியும்" என்று பிரெஞ்சு மரியாதையோடே மடக்கினார் பின்வரிசைக்காரர் ஒருவர். அவ்வளவுதான். நாற்காலியை மறந்துவிட்டார்கள். ஒன்றுக்கு மூக்கு வேண்டுமா வேண்டாமா என்று வளாகத்தில் அரைமணி நேரம் இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசினார்கள். ஒருவர் மணலில் எழுதிக் காட்டினார். சாமியார் எந்தப் பக்கமும் சேராமல் உள்ளே போய்விட்டார்.

வீட்டுக்கு வந்தால், அறிவிப்பைக் கேட்டதும் எனக்கு முன்னால் வந்துவிட்ட என் மாமியார் அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டிருந்தார். தட்டில் நாலு ஏற்கெனவே இருந்தன. விழுந்த நாளிலிருந்து அவர் ஒற்றைத் தோசையோடு எழுந்துவிடுவதை நான் கவனித்திருந்தேன். வலி என்று நினைத்தேன்.

"அப்போ எம்மேல தப்பு இல்லியா?" என்றார்.

"உங்க மேல இன்னா தப்பு அத்தே?"

"ஊரே பாத்துச்சு. அஞ்சு பேரு விழுந்தாலும் கெழவி கனத்துலதான் ஒடஞ்சிதுன்னு நாலு பேரு சொல்லுவாங்கல்ல?" தோசையைத் திருப்பிப் போட்டார். "இத அன்னிக்கே சொல்லியிருந்தா நான் பட்டினி கெடந்திருக்க மாட்டேன்ல?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அதைப் பார்த்துவிட்டு, எனக்கும் ஒரு தட்டு வைத்தார்.

அந்த நாற்காலிகள் வீணாகவில்லை. எல்லாவற்றையும் அரைத்து, புதுக் குருணையோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பூந்தொட்டிகள் செய்தோம். தொட்டி மேல் யாரும் உட்காருவதில்லை. புது நாற்காலிகள் கோயிலுக்குப் போயின, ஒவ்வொன்றும் குதித்துப் பார்த்த பிறகு. ஒல்லியான கலவைக்காரர் குதித்தால் எந்த நாற்காலிக்கும் உறைக்காது என்று, வேலையை விட்டு நின்ற அண்ணனைக் கூப்பிட்டு அனுப்பினேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நூறிலும் ஏறி இறங்கினார். அதற்குப் பிறகு நான் எண்களை எழுத்தால்தான் எழுதினேன்: பதினைந்து, எழுபத்தைந்து. கலவைக்காரர் அதை உரக்கப் படித்துக் காட்டிவிட்டுத்தான் மூட்டையைப் பிரிப்பார். முதலாளி என்னிடம் பழையபடி பேச ஒரு வருஷம் ஆனது. சோதனைக் கருவியை மட்டும் அடுத்த மாதமே வாங்கிவிட்டார்.

பிறகும் வெகுகாலம் அங்கேயே இருந்தேன். கடைசி வருஷங்களில் தொழிலின் பேர் கெட்டுப்போனது. கடைகளில் பை ஒழிந்தது, கல்யாண வீடுகளில் கப் ஒழிந்தது. சாக்கடை அடைத்துக்கொண்டால் தெருவில் எல்லோரும் என் வீட்டைப் பார்த்தார்கள், நான்தான் ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்த் திணித்தது போல. முதலில் வாதாடினேன். ஒரு மழைக்கு எங்கள் தெரு வாய்க்காலை நானே இறங்கிச் சுத்தம் செய்தபோது, வந்ததில் பாதி பிளாஸ்டிக்; ஒவ்வொன்றும் எந்தச் சரக்கு என்று பார்த்தவுடனே தெரிந்தது. அதன் பிறகு வாதாடவில்லை.

ஐம்பத்தெட்டு வயதில் ஓய்வு பெற்றேன். சிமெண்டுத் தரையில் மெஷின் பக்கத்திலேயே நின்று நின்று வலது முட்டி தேய்ந்திருந்தது. மாற்ற வேண்டும் என்றார்கள். டாக்டர் படம் போட்டு விளக்கினார்: மேலே ஒரு உலோகம், கீழே ஒரு உலோகம், நடுவில் ஒரு பிளாஸ்டிக்.

"என்ன பிளாஸ்டிக் டாக்டர்?"

"பாலிஎதிலீன்மா. உங்களுக்குப் புரியாது."

என் கணவர் மூலையில் நின்று இருமினார். நான் டாக்டரிடம் மூலக்கூறு எடை எவ்வளவு என்றும், தேய்மானம் குறைய அதைக் கதிர்வீச்சில் காட்டி இறுக்கியிருக்கிறார்களா என்றும் கேட்டேன். டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். வெளியே காத்திருந்தவர்கள் அன்று கொஞ்சம் அதிக நேரம் காத்திருந்தார்கள்.

அறுவை முடிந்ததும் என் கணவரே படம் எடுத்தார். அவருக்கு இன்னும் ஒரு வருஷம் சர்வீஸ் இருந்தது. பிளாஸ்டிக் எக்ஸ்ரேயில் தெரியாது. இரண்டு உலோகத் துண்டுகளுக்கு நடுவில் கறுப்பாக ஒரு இடைவெளி மட்டும்தான். அதை வீட்டில் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டியபோது எண்பத்தாறு வயது மாமியார் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "நடுவுல ஓட்டையா இருக்கே. டாக்டரு எதையோ வைக்க மறந்துட்டாரு, போய்க் கேளு" என்றார்.

"அங்கதான் அத்தே பிளாஸ்டிக் இருக்கு."

"எங்க இருக்கு? ஒண்ணையும் காணோம்."

எவ்வளவு சொல்லியும் அவர் நம்பவில்லை. மறந்துவிட்டார்கள் என்ற முடிவோடு, நான் விழுந்துவிடாமல் இருக்கத் தினமும் சாயங்காலம் என்னை நடக்கக் கூட்டிக்கொண்டு போகிறார். தெருமுனைக் கடைவரை போய்த் திரும்புகிறோம். அவர் முன்னால் போகிறார், நான் கம்பை ஊன்றிப் பின்னால் போகிறேன். பத்தடிக்கு ஒருமுறை நின்று திரும்பிப் பார்த்து, "மெதுவா வா, ஒண்ணும் அவசரமில்ல" என்று சொல்லிவிட்டு, அவர் பாட்டுக்கு வேகமாகப் போய்விடுகிறார்.